லின் டிரஸின் நிறுத்தற்குறி நூலும் இரட்டைக் கமாவும்: ஒரு மதிப்பீடு

'ஈட்ஸ், ஷூட்ஸ் அண்ட் லீவ்ஸ்' என்பது ஆங்கில நிறுத்தற்குறிகளைப் பற்றிப் பிரிட்டன் எழுத்தாளர் லின் டிரஸ் எழுதிய நூல். 2003-ஆம் ஆண்டு புரொஃபைல் புக்ஸ் நிறுவனம் இதை வெளியிட்டது. 2004-இல் அமெரிக்கப் பதிப்பு வந்தது. இலக்கணத்தைப் பற்றிய ஒரு சிறிய நூல் நாவல்களோடு போட்டியிட்டு விற்றது. 2004-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் புக் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த நூலாகவும் தேர்வானது. பிழைகளை இனிச் சிறிதும் பொறுப்பதில்லை என்பது இதன் துணைத்தலைப்பின் கருத்து.

நூல் முழுவதையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கமா எனப்படும் காற்புள்ளியைப் பற்றிய இயலில் ஒரு பகுதியை மட்டும் இங்கே பார்க்கலாம். வாக்கியத்தின் நடுவே கூடுதல் செய்தியாக வரும் சொற்களை இருபுறமும் கமா இட்டுப் பிரிப்பது எப்படி என்பதே அப்பகுதி. ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஆசிரியர்களும் தடுமாறுவதுண்டு. அப்படித் தடுமாறியவர்களில் நானும் ஒருவன்.

நூலின் அமைப்பு

டிரஸ் இலக்கண ஆசிரியர் அல்லர். பத்திரிகையாளர், நாவலாசிரியர், வானொலி நிகழ்ச்சிகள் வழங்கியவர். பிபிசி ரேடியோ 4-இல் நிறுத்தற்குறிகளைப் பற்றி அவர் நடத்திய 'கட்டிங் எ டேஷ்' என்ற தொடரைத் தொடர்ந்து இந்நூல் பிறந்தது. அபாஸ்ட்ரஃபி, கமா, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, ஹைஃபன் என்று ஒவ்வொரு குறியாக எடுத்துக்கொண்டு வரலாறு, விதி, நகைச்சுவை மூன்றையும் கலந்து சொல்கிறார்.

தலைப்பே ஒரு நகைச்சுவைக் கதை. ஒரு பாண்டா கரடி உணவு விடுதிக்கு வருகிறது, சாப்பிடுகிறது, துப்பாக்கியால் சுடுகிறது, வெளியே போகிறது. ஏன் என்று கேட்டால் விலங்குகளைப் பற்றிய ஒரு நூலைக் காட்டுகிறது. 'ஷூட்ஸ்' என்றால் தளிர்கள், சுடுகிறது என்று இரு பொருள். 'லீவ்ஸ்' என்றால் இலைகள், வெளியேறுகிறது என்று இரு பொருள். பாண்டா தளிர்களையும் இலைகளையும் தின்னும் என்று இருக்க வேண்டிய வாக்கியத்தில் ஒரு கமா நுழைந்ததால், பாண்டா தின்னும், சுடும், போய்விடும் என்று ஆகிவிட்டது.

கமா இயலில் கமாவின் வேலைகளை வகை பிரித்துச் சொல்கிறார். பட்டியலில் வருவது, வாக்கியங்களை இணைக்க வருவது, விடுபட்ட சொல்லைக் குறிக்க வருவது, நேர்கூற்றுக்கு முன் வருவது, வியப்புச் சொல்லைப் பிரிக்க வருவது, இறுதியாக இரண்டிரண்டாக வருவது. இந்தக் கடைசி வகையே நாம் பார்க்கப்போவது. ஓர் இரண்டுமுனை முள்கரண்டியால் வாக்கியத்தின் நடுப்பகுதியை மட்டும் அழகாக எடுத்துவிடலாம், மீதிக்குச் சேதம் இருக்காது, அந்த இரண்டு முனைகள் இறங்கும் இடங்களே கமாக்கள் என்கிறார். நல்ல உவமை. வகுப்பில் ஒருமுறை சொன்னால் மறக்காது.

சுட்டும் பகுதி, கூட்டும் பகுதி

விதியை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டு வாக்கியங்கள்:

'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் டெல்லி இஸ் எ டாக்டர்.'

'மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் டெல்லி, இஸ் எ டாக்டர்.'

முதல் வாக்கியத்தில் 'ஹூ லிவ்ஸ் இன் டெல்லி' என்பது எந்தச் சகோதரர் என்று காட்டுகிறது. சகோதரர்கள் பலர், அவர்களில் டெல்லியில் இருப்பவர் டாக்டர். இதைச் சுட்டும் பகுதி எனலாம். இரண்டாம் வாக்கியத்தில் சகோதரர் யார் என்பது ஏற்கெனவே தெரியும். ஒரே சகோதரர் இருக்கலாம், அல்லது முன்பே அவரைப் பற்றிப் பேசியிருக்கலாம். டெல்லி என்பது கூடவே தரும் செய்தி. இதைக் கூட்டும் பகுதி எனலாம்.

சுட்டுவதற்குக் கமா இல்லை. கூட்டுவதற்கு இரண்டு கமா. விதி இவ்வளவுதான்.

பெயரோடு ஒட்டி வரும் மற்றொரு பெயருக்கும் இதே விதி பொருந்தும். 'ஷேக்ஸ்பியர்ஸ் பிளே ஹேம்லெட்' என்பதில் கமா கூடாது. கமா இட்டால் ஷேக்ஸ்பியர் எழுதியது ஒரே நாடகம், அதன் பெயர் ஹேம்லெட் என்று பொருள்பட்டுவிடும். 'தி கேபிடல் ஆஃப் ஃபிரான்ஸ், பாரிஸ், இஸ்...' என்று தொடங்கினால் கமா வேண்டும். ஃபிரான்ஸுக்குத் தலைநகர் ஒன்றுதானே.

கமாவைத் தீர்மானிப்பது வாக்கியத்தில் உள்ள எந்தச் சொல்லும் அன்று. வாக்கியத்துக்கு வெளியே இருக்கும் உண்மைதான். எத்தனை சகோதரர்கள், எத்தனை நாடகங்கள், எத்தனை தலைநகரங்கள் என்பது தெரிந்தால்தான் கமா இடலாமா என்று சொல்ல முடியும். டிரஸின் நூலை மதிப்பிட எனக்குக் கிடைத்த அளவுகோல் இது.

நகைச்சுவையின் எல்லை

டிரஸ் இந்த வேறுபாட்டை அறியாதவர் அல்லர். வரிசையில் நின்று நுழைவுச்சீட்டு வாங்கியவர்களைப் பற்றிய ஒரு வாக்கியத்தைக் கமாவோடும் கமா இல்லாமலும் எழுதிக் காட்டுகிறார். கமா இல்லையென்றால் வரிசையில் சிலருக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. கமா இருந்தால் எல்லோருக்கும் கிடைத்தது. சரியான எடுத்துக்காட்டு. ஆனால் இதை விரைவாக முடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். நூலைப் படித்து முடித்தவருக்கு நினைவில் நிற்பது பாண்டாதான்.

பாண்டாக் கதை மாணவரை வேறு திசையில் கொண்டுபோகிறது. அதில் பிழை உடனே சிரிப்பை வரவழைக்கிறது. எந்தக் கரடியும் சுடாது. ஆகவே கமா தவறு என்று குழந்தைக்கும் தெரியும். இரட்டைக் கமாவில் அப்படி நடப்பதில்லை. கமா உள்ள வாக்கியமும் இயல்பாகத்தான் இருக்கும், கமா இல்லாத வாக்கியமும் இயல்பாகத்தான் இருக்கும். சொல்லும் செய்திதான் வேறு. படிப்பவருக்குச் சந்தேகமே எழாமல் தவறான செய்தி போய்ச் சேரும். சிரிப்பு வரும் பிழைகளால் தீங்கு குறைவு. சிரிப்பு வராத பிழைகளைக் கண்டுபிடிக்கத்தான் பயிற்சி தேவை.

பிழைகளைப் பொறுப்பதில்லை என்ற நூலின் வீராப்பும் இங்கே பயன்படாது. கடைப் பலகையில் அபாஸ்ட்ரஃபி தப்பாக இருந்தால் பார்த்ததும் தவறு என்று சொல்லிவிடலாம். 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் டெல்லி' என்பதில் கமா இல்லையே என்று யாராலும் கோபப்பட முடியாது. அவர் வீட்டில் எத்தனை பேர் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

நீக்கிப் பார்க்கும் சோதனை

முள்கரண்டி உவமையை அழகானது என்றேன். அதில் ஒரு குறையும் உண்டு. நீக்கினாலும் வாக்கியம் நிற்கிறதா என்று பார், நின்றால் கமா இடு என்று நம் வகுப்புகளிலும் சொல்லிக்கொடுக்கிறோம். இதோ ஒரு வாக்கியம்:

'ஸ்டூடண்ட்ஸ் ஹூ காப்பி வில் பி பனிஷ்ட்.'

பார்த்து எழுதும் மாணவர்கள் தண்டிக்கப்படுவார்கள். 'ஹூ காப்பி' என்பதை நீக்கினால் 'ஸ்டூடண்ட்ஸ் வில் பி பனிஷ்ட்' என்று மிஞ்சும். இலக்கணப்படி முழு வாக்கியம்தான். சோதனையில் தேறிவிட்டது; ஆகவே கமா இடலாமா? இட்டால் என்ன ஆகும்? மாணவர்கள் எல்லோரும் பார்த்து எழுதுபவர்கள், எல்லோருக்கும் தண்டனை என்று ஆகும். ஒரு பள்ளியின் அறிவிப்புப் பலகையில் இரண்டு கமாக்கள் செய்யக்கூடிய வேலை இது.

நீக்கிப் பார்க்கும் சோதனை எதற்கு உதவும்? கமா இடுவது என்று முடிவுசெய்த பிறகு, இரண்டையும் சரியான இடத்தில் இட்டோமா என்று பார்க்க உதவும். இடலாமா வேண்டாமா என்ற முதல் கேள்விக்கு அது விடை தராது. அதற்கு வேறு கேள்வி கேட்க வேண்டும்: 'இந்தப் பகுதி இல்லாமலே படிப்பவருக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியுமா?' டிரஸ் முதல் சோதனையை உவமையோடு சொல்கிறார். இரண்டாம் கேள்வியை எடுத்துக்காட்டுக்குள் ஒளித்துவைத்துவிடுகிறார். தானாகக் கண்டுபிடிப்பவர் கண்டுபிடிப்பார். மற்றவர் முள்கரண்டியோடு நின்றுவிடுவார்.

நானும் அப்படி நின்றவன்தான். பத்தாம் வகுப்புக்குக் கமா இடும் பயிற்சி கொடுத்திருந்தேன். மேலே சொன்ன டெல்லிச் சகோதரர் வாக்கியம் போன்ற ஒன்று அதில் இருந்தது. விடைக்குறிப்பில் இரண்டு கமா. ஒரு மாணவி கமா இல்லாமல் எழுதியிருந்தாள். மதிப்பெண்ணைக் குறைத்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, "சார், எனக்கு மூணு அண்ணன். அதுல டெல்லியில இருக்கிறவர் ஒருத்தர்தான். அப்பவும் கமா போடணுமா?" என்று கேட்டாள். "புத்தகத்துல இருக்கிறத எழுதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் கேட்டதுதான் இலக்கணம். நான் சொன்னது விடைக்குறிப்பு. இது எனக்குப் புரிந்தபோது அவள் பள்ளியை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

காணிக்கைப் பக்கத்தில் ஒரு கமா

டிரஸின் நூலுக்கு வந்த கடுமையான மதிப்புரை லூயிஸ் மெனாண்ட் எழுதியது. 2004 ஜூன் 28 தேதியிட்ட நியூயார்க்கர் இதழில் வந்தது. நூலில் உள்ள நிறுத்தற்குறிப் பிழைகளை வரிசையாக எடுத்துக்காட்டினார். முதல் பிழை காணிக்கைப் பக்கத்திலேயே இருக்கிறது என்றார். கூட்டும் பகுதி ஒன்றுக்கு முன் கமா விடுபட்டிருக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. நிறுத்தற்குறி நூலின் முதல் பக்கத்திலேயே கமாப் பிழை என்ற செய்தி பரவலாகப் பேசப்பட்டது.

அந்தக் காணிக்கை 1905-ஆம் ஆண்டு ரஷ்யாவில் வேலைநிறுத்தம் செய்த போல்ஷிவிக் அச்சுத் தொழிலாளர்களுக்கு உரியது. எழுத்துக்குக் கொடுக்கும் அதே கூலியை நிறுத்தற்குறிக்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்ட செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள், அதன்மூலம் முதல் ரஷ்யப் புரட்சியையே தூண்டியவர்கள் என்று டிரஸ் குறிப்பிடுகிறார். இதில் தொழிலாளர்களைக் குறிக்கும் சொல்லுக்கும் 'ஹூ'வுக்கும் இடையே கமா இல்லை.

இது பிழையா? நம் அளவுகோலை வைத்துப் பார்ப்போம். அந்நகரில் வேலைநிறுத்தம் செய்த போல்ஷிவிக் அச்சுத் தொழிலாளர்கள் எல்லோரையும் குறிக்கிறார், அவர்கள் எல்லோரும் அந்தக் கோரிக்கையை வைத்தார்கள் என்றால் கமா வேண்டும். அவர்களுக்குள் அந்தக் கோரிக்கையை வைத்தவர்களை மட்டும் குறிக்கிறார் என்றால் கமா வேண்டாம். யாரை மனத்தில் வைத்து எழுதினார் என்பது டிரஸுக்குத்தான் தெரியும். மெனாண்ட் பிழை என்று தீர்ப்புச் சொன்னது, விடைக்குறிப்பைப் பார்த்து நான் மதிப்பெண் குறைத்ததைப் போன்றது. நூலின் மற்ற இடங்களைப் பற்றி அவர் சொன்னவற்றில் பல ஏற்கத்தக்கவை.  ஆனால் பலரும் எடுத்துச் சொன்ன இந்த முதல் குற்றச்சாட்டு நிரூபிக்கக்கூடியது அன்று.

அதே காணிக்கையில் நிரூபிக்கக்கூடிய பிழை வேறொன்று உண்டு. டிராட்ஸ்கி தம் '1905' நூலில் எழுதியுள்ளபடி, நிறுத்தற்குறிக்கும் கூலி கேட்ட வேலைநிறுத்தம் அந்த ஆண்டு செப்டம்பரில் மாஸ்கோவில், சித்தின் என்பவரின் அச்சகத்தில் தொடங்கியது. அங்கிருந்துதான் பரவி அக்டோபர் பொது வேலைநிறுத்தமாக வளர்ந்தது. புரட்சியோ அதற்கு முன்பே, ஜனவரியில் பீட்டர்ஸ்பர்க்கில் ஊர்வலம் வந்த மக்களைப் படையினர் சுட்ட நாளிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே அக்கோரிக்கை முதல் புரட்சியைத் தூண்டியது என்பது பொருந்தாது. கமாவையே தேடும் கண் இத்தகைய பிழையைத் தாண்டிப் போய்விடும். உண்மையைத் தேடும் கண்ணுக்கு இரண்டும் அகப்படும்.

இரண்டு வழக்குகள்

கமாவின் வலிமைக்குச் சான்றாக அடிக்கடி சொல்லப்படுவது ரோஜர் கேஸ்மென்ட் வழக்கு. டிரஸும் இதைத் தொட்டுச் செல்கிறார். அயர்லாந்து விடுதலைக்காக ஜெர்மனியின் உதவியை நாடிய கேஸ்மென்ட் 1916-இல் கைது செய்யப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்ட் 3-ஆம் நாள் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். அவர் மீது சுமத்தப்பட்டது 1351-ஆம் ஆண்டின் தேசத்துரோகச் சட்டம். அரசரின் பகைவரோடு நாட்டுக்குள் சேர்ந்துகொள்வது, நாட்டுக்குள் அவர்களுக்கு உதவுவது, 'அல்லது வேறு இடத்தில்' என்ற மூன்று துண்டுகள் அதில் அடுத்தடுத்து வருகின்றன. நடுத்துண்டு கூட்டும் பகுதி என்று கொண்டால் 'அல்லது வேறு இடத்தில்' என்பது முதல் துண்டோடு சேரும். ஜெர்மனியில் செய்ததும் குற்றமாகும். அப்படிக் கொள்ளாவிட்டால் கேஸ்மென்ட்டின் வழக்கறிஞர் சொன்னபடி, நாட்டுக்கு வெளியே செய்தது இச்சட்டத்துக்குள் வராது.

சட்டம் எழுதப்பட்டதோ நார்மன் பிரெஞ்சு மொழியில். நீதிபதிகள் இருவர் ஆவணக் காப்பகத்துக்குச் சென்று மூல ஏட்டையே பார்த்தார்கள். கமாவால் தூக்கிலிடப்பட்டவர் என்று பின்னர் பேச்சு எழுந்தது. கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோக், ஹேல் போன்ற பழைய சட்ட அறிஞர்கள் அச்சட்டத்தை எவ்வாறு பொருள்கொண்டனர் என்பதையே பெரிதும் சார்ந்து நின்றது. கேஸ்மென்ட்டின் உயிரைக் கமா எடுத்தது என்று சொல்வது கமாவுக்கு மிகையான புகழ்.

இரண்டாவது வழக்கு டிரஸின் நூலுக்குப் பின் வந்தது. கனடாவில் ரோஜர்ஸ் என்ற கேபிள் நிறுவனம் ஆலியன்ட் என்ற தொலைபேசி நிறுவனத்தோடு கம்பங்களில் கேபிள் இழுக்க ஒப்பந்தம் செய்திருந்தது. ஒப்பந்தம் ஐந்தாண்டு நீடிக்கும், அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகத் தொடரும், ஓராண்டு முன்னறிவிப்போடு முடித்துக்கொண்டாலன்றி என்ற பொருளில் ஒரு வாக்கியம் அதில் இருந்தது. நடுப்பகுதியின் இருபுறமும் கமா. முதல் ஐந்தாண்டுக்குள் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்று ரோஜர்ஸ் நம்பியிருந்தது. ஆலியன்ட் அதற்குள்ளேயே முறிக்க முன்வந்தது.

2006 ஜூலையில் கனடாவின் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையம் ஆலியன்ட் பக்கம் நின்றது. இரண்டு கமாக்களுக்கு நடுவே இருப்பது கூட்டும் பகுதி. அதை எடுத்துவிட்டால் முன்னறிவிப்பு விதி முதல் ஐந்தாண்டோடும் சேர்ந்துகொள்கிறது என்பது ஆணையத்தின் வாதம். டிரஸின் முள்கரண்டியேதான். பத்து லட்சம் கனடா டாலர் பெறும் கமா என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 2007 ஆகஸ்டில் ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. அந்த மாதிரி ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு வடிவமும் இருந்தது. அதில் இந்தக் குழப்பம் இல்லை. முதல் ஐந்தாண்டுக்குள் முறிக்க இயலாது என்பது தெளிவாக இருந்தது.

முதல் தீர்ப்பு கமாவை மட்டும் பார்த்தது. இரண்டாம் தீர்ப்பு எழுதியவர்கள் என்ன சொல்ல வந்தார்கள் என்று பார்த்தது. விதியை மட்டும் கற்றவருக்கும் விதியின் காரணத்தைக் கற்றவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தமிழ் மாணவருக்கு

டிரஸ் எழுதியது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு. கமா இலக்கணத்தையும் காட்டும், வாசிப்பின் ஓசையையும் காட்டும் என்று அவர் சொல்வது வரலாற்றுப்படி உண்மை. உரக்க வாசிப்பவருக்கு மூச்சு விடும் இடத்தைக் காட்டவே பழங்காலத்தில் இக்குறிகள் தோன்றின. ஆங்கிலக் காது உள்ளவருக்கு இந்த ஓசை உதவும். கூட்டும் பகுதியைச் சொல்லும்போது அவர் குரல் தானே இறங்கும். அங்கே கமா இட்டுவிடுவார்.

நம் மாணவருக்கு அந்த ஓசை பழக்கமில்லை. மூச்சு விடும் இடத்தில் கமா இடு என்றால் நீண்ட எழுவாய் முடிந்ததும் கமா இட்டுவிடுகிறார். 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே, இஸ் மை கசின்' என்ற வாக்கியத்தை எத்தனையோ விடைத்தாள்களில் திருத்தியிருக்கிறேன். நம்மிடையே நெடுங்காலமாகப் புழங்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலிலும் நீண்ட எழுவாய்க்குப் பின் கமா என்ற பழைய வழக்கு இடம்பெற்றிருந்தது. இன்றைய ஆங்கிலத்தில் அது பிழையாகவே கொள்ளப்படும்.

காரணம் இன்னும் ஆழமானது. தமிழில் 'டெல்லியில் இருக்கும் என் அண்ணன் டாக்டர்' என்கிறோம். 'இருக்கும்' என்ற பெயரெச்சம் அண்ணனுக்கு முன்னே வந்துவிடுகிறது. அண்ணன் ஒருவரா பலரா என்பதை இந்த வாக்கியம் சொல்வதில்லை. சொல்லும்படி தமிழ் நம்மைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. தேவைப்பட்டால் 'டெல்லியில் இருக்கும் அண்ணன்தான் டாக்டர்' என்று அழுத்துவோம், அல்லது 'என் அண்ணன் டெல்லியில் இருக்கிறார். அவர் டாக்டர்' என்று பிரிப்போம். ஆங்கிலத்துக்கு மாற்றும்போது, தாய்மொழி கேட்காத ஒரு கேள்விக்கு நம் மாணவர் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. கேள்வி என்னவென்றே அவருக்குச் சொல்லாமல் விடையில் கமா இல்லை என்று குறைப்பது நியாயமன்று.

இந்தப் பிரித்துப் பார்க்கும் வழியையே பயிற்சியாகக் கொள்ளலாம். எழுதப்போகும் செய்தியைத் தமிழில் இரண்டு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். 'என் அண்ணன் டாக்டர். அவர் டெல்லியில் இருக்கிறார்' என்று பிரித்தபின் முதல் வாக்கியத்தைக் கேட்பவர் 'எந்த அண்ணன்?' என்று கேட்பாரா? கேட்பார் என்றால் கமா வேண்டாம். கேட்கமாட்டார் என்றால் இரண்டு கமா.

பிற நூல்கள்

இப்பகுதியை மட்டும் கற்க விரும்புவோர்க்கு ஆர். எல். டிராஸ்க் எழுதிய 'பெங்குயின் கைடு டு பங்க்சுவேஷன்' (1997) மேலும் பயன்படும். டிராஸ்க் மொழியியல் பேராசிரியர். கமாவின் வேலைகளை நான்காகச் சுருக்கி, அடைக்கும் கமாவுக்குத் தனி இடம் தருகிறார். சிரிப்பு குறைவு, விளக்கம் அதிகம்.

ஸ்ட்ரங்க், ஒயிட் இருவரின் 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' நூலிலும் இவ்விதி முதற்பக்கங்களிலேயே வருகிறது. சுருக்கமானது, மனப்பாடம் செய்ய ஏற்றது. காரணம் தேடுவோர்க்குப் போதாது.

1926-இல் வெளிவந்த ஃபௌலரின் அகராதி, சுட்டுவதற்கு 'தட்', கூட்டுவதற்கு 'விச்' என்று பிரித்துக்கொண்டால் நல்லது என்று பரிந்துரைத்தது. பெரும்பாலோர் அப்படி எழுதுவதில்லை என்பதை ஃபௌலரே ஒப்புக்கொண்டார். கூட்டும் பகுதியைத் 'தட்' கொண்டு தொடங்குவது வழக்கமில்லை என்பது சரி. 'விச்' வந்தாலே கமா வேண்டும் என்பது சரியன்று. சில கணினி மென்பொருள்கள் 'விச்'சைக் கண்டதும் கோடு போடுவதை நம்பிக் கமா இட்டுவிடாதீர்கள்.

ஹடில்ஸ்டன், புல்லம் இருவரின் 'கேம்பிரிட்ஜ் கிராமர்' (2002) ஒரு படி மேலே போகிறது. கமா இல்லாத பகுதி எல்லாமே சுட்டுவதில்லை என்று அது காட்டுகிறது. 'ஐ ஹேவ் எ ஃபிரண்ட் ஹூ டீச்சஸ் மியூசிக்' என்பதில் எந்த நண்பர் என்று தேர்ந்தெடுக்கும் வேலை நடக்கவில்லை. ஆனாலும் இசை கற்பிப்பவர் என்பதுதான் சொல்ல வந்த செய்தியே. அதை ஓரமாக வைக்க முடியாது, ஆகவே கமா இல்லை. மேலே நான் தந்த சுட்டும் பகுதி, கூட்டும் பகுதி என்ற பெயர்களும் தொடக்க நிலைக்கு உரியவை என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

1. கமா இடும் முன் 'எந்த?', 'எத்தனை?' என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.

2. வாக்கியத்தின் நடுவே ஒரு கமாவைத் திறந்தால் மற்றொன்றால் மூடுங்கள். தேர்வில் அதிகம் காணும் பிழை இரண்டாம் கமாவை மறப்பதுதான். கூட்டும் பகுதி வாக்கியத்தின் இறுதியில் வந்தால் முற்றுப்புள்ளியே மூடிவிடும்.

3. ஆள், ஊர் ஆகியவற்றின் சிறப்புப் பெயரை அடுத்து வரும் 'ஹூ', 'விச்' பகுதிக்குப் பெரும்பாலும் கமா வேண்டும். பெயரே ஆளைச் சுட்டிவிடுகிறது.

4. 'பிகாஸ்' வாக்கியங்களிலும் கவனம் தேவை. 'ஹி டிட் நாட் ரிசைன் பிகாஸ் ஹி வாஸ் அஃப்ரெய்ட்' என்றால் அவர் விலகினார், ஆனால் காரணம் பயம் அன்று என்றும் பொருள்படலாம். 'ரிசைன்' என்ற சொல்லுக்குப் பின் கமா இட்டால் அவர் விலகவில்லை, பயந்ததே காரணம் என்பது உறுதியாகும்.

மதிப்பீடு

'ஈட்ஸ், ஷூட்ஸ் அண்ட் லீவ்ஸ்' நிறுத்தற்குறிகளின் மேல் ஆசையை உண்டாக்கும் நூல். இலக்கணம் என்றால் ஓடிப்போகும் மாணவரைப் பிடித்து உட்கார வைக்கும். நூலகத்தில் கிடைத்தால் படிக்கலாம், சிரிக்கலாம். கமா இரண்டாக வரும் என்பதை மறக்க முடியாதபடி சொன்னது அதன் பெரிய நன்மை.

ஆனால் கோபமும் கேலியும் இரட்டைக் கமாவைக் கற்பிக்க உதவுவதில்லை. இந்தக் கமா ஒரு வாக்குமூலம். இதை இடுபவர், நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், இது கூடுதல் செய்திதான் என்று படிப்பவருக்கு உறுதி தருகிறார். அந்த உறுதி உண்மையா என்று பார்ப்பதே திருத்துபவரின் வேலை. விடைத்தாளில் கமா இல்லையென்றால் உடனே சிவப்பு மையைத் தொடாமல், எழுதியவரை அழைத்து, எத்தனை அண்ணன் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். மூன்று என்று சொன்னால் முழு மதிப்பெண்ணையும் கொடுத்துவிட வேண்டும்.